முப்பது கிலோ ஏற்றுமதி

நல்லூர்க் கொடி இறங்கின கிழமையில் எங்கட ஊர் வீடுகளில் கொழுக்கித் தராசு வெளியே வரும். விறாந்தையில் சூட்கேஸ்கள் திறந்தபடி கிடக்கும். ஒடியல் மா, புழுக்கொடியல், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், குட்டானோடு பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் எல்லாம் பொலித்தீன் பையில் கட்டி, பேப்பர் சுற்றி, அதுக்கு மேல ரேப் ஒட்டி அடுக்குவினம். "முப்பது கிலோவுக்கு மேல விடமாட்டாங்கள், அந்த ரெண்டு சேட்டையும் எடுத்து வெளியில போடு" என்று பெரியம்மா சொல்லுவா. சேட்டு ரொறன்ரோவிலும் வாங்கலாம். வீட்டுத்தூள் வாங்கேலாது.

வடமாகாணத்துக்கு நல்லாப் பழகிப்போன ஏற்றுமதி இதுதான். எந்தச் சுங்கப் புத்தகத்திலும் இது ஏறுவதில்லை. செய்கிற ஆள் இங்க இருக்கிறா. வாங்க ஆசைப்படுகிற ஆள் அங்க இருக்கிறார். நடுவில் இருப்பது ஒரு சூட்கேஸ் மட்டும்தான். அந்தச் சூட்கேஸ் இருக்கிற இடத்தில் என்ன இருந்திருக்க வேணும், அதை ஆர் செய்திருக்க வேணும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படிக்கிற ஆறு பேர். ரெண்டு பேர் பொருளியல். மற்ற ஆக்கள் அரசறிவியல், புவியியல், தமிழ். வர்த்தகம் எங்கட பாடமில்லை. முகாமைத்துவ பீடத்து நண்பர்கள் வாசித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, பிழை இருந்தால் வந்து சொல்லுங்கோ. இந்தக் கதை தொடங்கினது ஒரு கருத்தரங்கில். வடக்கின் ஏற்றுமதியை வளர்ப்பது எப்படி என்று தலைப்பு. குளிரூட்டின மண்டபம், திரையில் அம்புக்குறி போட்ட படங்கள், "முதலீட்டாளர்" என்ற சொல் எத்தனை தரம் வந்தது என்று எங்களில் ஒருவன் கொப்பியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முடிவில் கேள்வி நேரம். எங்களோடு வந்த வடமராட்சிப் பிள்ளை எழும்பி, "எங்கட அம்மா தூளும் வடகமும் செய்து விக்கிறா. கனடாக் கடை ஒண்டு ஐம்பது கிலோ கேக்குது. லேபல் எப்பிடி அடிக்கிறது எண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்று கேட்டாள். மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நல்ல கேள்வி" என்று ஒருவர் சொன்னார். பிறகு தேத்தண்ணி தந்தார்கள்.

அந்த அன்ரியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். அவ செய்கிற தூள் எங்கட பக்கத்துத் தூள். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை வறுத்து அரைப்பது. ஊருக்குள் ஓடர் எடுத்துக் கொடுக்கிறா. தெரிந்தவர் ஒருவர் வழியாக ரொறன்ரோவில் ஒரு கடைக்காரர் கேட்டார். ஐம்பது கிலோ சூட்கேஸில் போகாது. அப்ப முறைப்படி அனுப்புவோம் என்று மகளும் தாயும் வெளிக்கிட்டார்கள்.

முதல் அலுவலகத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்யச் சொன்னார்கள். அதற்கு வியாபாரப் பதிவு வேணும், வரி இலக்கம் வேணும். அது வரைக்கும் சரி, அலைந்து எடுத்துவிட்டார்கள். பிறகுதான் சாமானைப் பற்றிய கேள்விகள் வந்தன. மிளகாய் சேர்ந்த தூளில் அஃப்ளடொக்சின் என்கிற பூஞ்சண நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வறிக்கை வேணும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவதென்றால் மிளகாய்க்கு அந்த நஞ்சு மொத்தமாகக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. செத்தலை ஈரம் காயாமல் சாக்கில் கட்டி வைத்தாலே கூடிவிடும் விசயம் அது. கனடாவுக்கு என்றால் லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேணும், ஊட்டச்சத்து அட்டவணை அவர்கள் சொன்ன வடிவத்தில் இருக்க வேணும். மோர்மிளகாயையும் சேர்த்து அனுப்பலாமோ என்று கேட்டால், அதுக்குள்ள தயிர் இருக்கே, பால் சேர்ந்த பொருளுக்கு வேற சட்டம் என்றார்கள். பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார்கள். கட்டணத்தைக் கேட்டதும் அன்ரி போனை வைத்துவிட்டா.

இதில் எந்த விதியும் அநியாயமான விதி இல்லை. சாப்பிடுகிறவருக்கு நஞ்சு போகக்கூடாது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அந்தச் சோதனை எங்கட வீட்டுத் தூளுக்கும் வேணும், நாங்களும் மனிசர்தானே. ஆனால் ஐம்பது கிலோ தூளுக்காக ஒரு பெண் தனியாக ஆய்வுகூடம் தேடி, பிரெஞ்சு எழுதத் தெரிந்த ஆளைத் தேடி, பெட்டி அடிக்கும் அச்சகம் தேடி, கப்பல் முகவரைத் தேடி ஓட முடியாது. அந்தச் செலவை ஐம்பது பெண்கள் பகிர்ந்தால் முடியும். ஐம்பது பேரையும் ஒரு கூரைக்குக் கீழ கொண்டுவருவதும் அந்தக் கூரையைப் போட்டுக்கொடுப்பதும்தான் ஒரு மாகாண அரசு ஏற்றுமதிக்குச் செய்யக்கூடிய முதல் வேலை என்று நாங்கள் நினைக்கிறோம். அதில் பளபளப்பு எதுவும் இல்லை. ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க ஒரு ஆய்வுகூடக் கதவுதான் கிடைக்கும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும்: "மாகாணசபைக்கு அதிகாரம் இல்லைத் தம்பி." பாதி உண்மை. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தை எடுத்துப் பார்த்தோம். வெளிநாட்டு வர்த்தகம், துறைமுகம், விமான நிலையம் எல்லாம் ஒதுக்கிய நிரலில், அதாவது கொழும்பின் கையில் இருக்கின்றன. சுங்கம் அவர்களுடையது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்திய நிறுவனம். பனை அபிவிருத்திச் சபையும் அப்படித்தான், பனை எங்கட வளவில் நின்றாலும். ஆனால் அதே திருத்தத்தின் மாகாணசபை நிரலைப் பாருங்கோ. விவசாயம் இருக்கிறது. கூட்டுறவு இருக்கிறது. மாகாணத்துக்குள் விவசாய, கைத்தொழில், வர்த்தக முயற்சிகளை ஊக்குவிக்கவும் தொடங்கவும் நடத்தவும் இடம் இருக்கிறது. கப்பலில் ஏற்றுவது அவர்களின் வேலை என்று வைத்துக்கொண்டாலும், தூள் அரைக்கிற இடத்தில் இருந்து பெட்டி கட்டுகிற இடம் வரைக்கும் எங்கட வேலைதான். அன்ரி மாட்டுப்பட்டது அந்தப் பகுதிக்குள்.

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். இந்திய அரசியலமைப்பிலும் வெளிநாட்டு வர்த்தகம் மத்திய அரசின் பட்டியலில்தான் இருக்கிறது. அதைக் காட்டித் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. ரிட்கோ 1965இல் வந்தது, சிப்கொட் 1971இல். காணி எடுத்து, தண்ணி, மின்சாரம், ரோட்டு போட்டுத் தொழிற்பேட்டை கட்டுவது அவர்களின் பழைய பழக்கம். 2021 செப்ரெம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் "ஏற்றுமதியில் ஏற்றம்" என்று மாநாடு நடத்தி, மாநிலத்துக்கென்று ஏற்றுமதிக் கொள்கை ஒன்றை வெளியிட்டார். 2022-23இல் இந்திய மாநிலங்களிலேயே கூடுதலாக மின்னணுப் பொருள் ஏற்றுமதி செய்தது தமிழ்நாடு, 500 கோடி டொலருக்கு மேல்.

அதைப் பார்த்து நாங்களும் ஐபோன் செய்வோம் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு ஏழு கோடிக்கு மேல் சனம், சொந்த வரி வருமானம், காணி அதிகாரம் எல்லாம் இருக்கு. எங்களைக் கவர்ந்தது சின்ன விசயம் ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி உடன்குடிப் பெயரைப் போட்டு வேறு ஆரும் விற்க முடியாது. எங்கட பனங்கட்டி அதே மரத்துப் பதநீரில் இருந்துதான் வருகிறது. இலங்கைக்கும் இது புதுசில்லை, 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குறியீட்டைக் கொடுத்தது. எங்கட பனங்கட்டிக்கு, எங்கட ஒடியலுக்கு, ஏன், "யாழ்ப்பாணத்துத் தூள்" என்ற பெயருக்கே ஆர் விண்ணப்பம் எழுதுவது? அந்தப் பெயரில் தூள் விற்கிற பைக்கற்றுகள் லண்டனிலும் பாரிஸிலும் எத்தனையோ இருக்கு. அதில் எத்தனை எங்கட மண்ணைத் தொட்டவை என்று கேட்டால் கடைக்காரரே சிரிப்பார்.

தமிழ்நாட்டைப் புகழ்ந்துகொண்டே போகவும் விருப்பமில்லை. 2023இல் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணித்தியால வேலைக்கு வழிவிடும் சட்டத்தை அவர்கள் சட்டசபையில் நிறைவேற்றினார்கள், தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு திரும்ப எடுத்தார்கள். ஏற்றுமதிக்காக என்று சொல்லி ஆரின் முதுகில் ஏறுகிறோம் என்ற கேள்வி அங்கயும் உண்டு. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய வெள்ளன பஸ் ஏறுகிற எங்கட வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் அந்தக் கேள்வி இங்கயும் உண்டு என்று தெரியும்.

"எங்கட சனத்துக்கு ஏவாரம் வராது, உத்தியோகம்தான் வரும்" என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது ஒல்லாந்தர் காலத்திலேயே பெரிய வியாபாரம். கேரளத்தில் "யாப்பாணம் புகையில" என்ற பேச்சு இன்றைக்கும் இருக்கிறது. 1930களில் அந்தப் புகையிலையை விற்கக் கமக்காரர் கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். தரகர் வைத்த விலைக்குக் கொடுக்கிற நிலையை விட்டு வெளியே வரத்தான். வல்வெட்டித்துறையில் கட்டின பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓடின. அதில் ஒன்று, அன்னபூரணி அம்மாள், ஒரு அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, வல்வை மாலுமிகளோடு 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் போய் நின்றது. இதை நெஞ்சு நிமித்திச் சொல்லுறதுக்காக எழுதவில்லை, வல்வெட்டித்துறைக்காரர் எங்களை விட நல்லாச் சொல்லுவினம். புகையிலை திரும்ப வரவேணும் என்றும் சொல்லவில்லை, அது புற்றுநோய். நாங்கள் பிடித்துக்கொள்ள விரும்புவது கூட்டுறவு என்ற பகுதியை. விற்கிறவர்கள் சேர்ந்து நின்றபோது கடலைத் தாண்டி விலை பேச முடிந்தது.

கடல் இப்ப எப்படி இருக்கு? நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 110 கிலோமீற்றர். கப்பலில் நாலு மணித்தியாலம். 2023 ஒக்ரோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கியது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னையில் இருந்து சின்ன ஏரிஆர் விமானங்கள்தான் வருகின்றன, ஓடுபாதை அவ்வளவுதான் நீளம். காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த 2018 ஜனவரியில் இந்தியா 4 கோடி 52 லட்சம் டொலர் கடன் தர உடன்பட்டது. 2024இல் அது 6 கோடி 15 லட்சம் டொலர் நன்கொடையாக மாறியது. ஆறு வருசத்தில் கடன் நன்கொடையாகியிருக்கிறது. ஆனால் எங்கட அன்ரியின் தூள் நாகபட்டினத்துக்கே போக வேண்டியிருந்தாலும், முதலில் லொறியில் ஏறி 400 கிலோமீற்றர் கொழும்புக்குப் போக வேணும். பாக்குநீரிணை வடக்கே தெரிய, தெற்கே போய், சுத்தி வரவேணும். துறைமுகம் மாகாணத்தின் கையில் இல்லை, சரி. அந்தத் துறைமுகத்தில் பயணிகளோடு சின்னப் பொதிச் சரக்குக்கும் இடம் வேணும், சுங்கமும் தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலரும் அங்கேயே இருக்க வேணும் என்று வருசத்துக்கு நாலு தரம் கொழும்பின் கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குச் சனம் வாக்குப் போட்டிருக்க வேணும். அப்பதான் கதவு கொஞ்சமாவது திறக்கும்.

மாகாணம் வாய் திறக்காத இடத்தில் ஏற்றுமதி எப்படி வருகிறது என்பதற்கு எங்கட கடலிலேயே உதாரணம் இருக்கு, கடலட்டை. நாங்கள் சாப்பிடாத சாமான். சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர்ச் சந்தைக்குப் போகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற காலத்தில், யூன் மாதம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தீவுப்பகுதியிலும் பூநகரிப் பக்கமும் ஆழமில்லாத கடலில் வேலி முளைத்தது. வேலி போட்ட இடம் ஆருடைய கடல்? வீச்சுவலை போடுகிறவர், களங்கண்டி வைக்கிறவர், கரையோரம் நடந்து இறால் பிடிக்கிறவர், இவர்களிடம் உறுதிக் காணி கிடையாது. பழக்கம்தான் அவர்களின் உறுதி. கிராஞ்சி, இலவங்குடாவில் மீனவர்கள் கொட்டில் போட்டு இருந்து போராடினார்கள்.

இதில் எங்களுக்குள்ளேயே சண்டை. எங்களில் ஒருவனின் சித்தப்பா பண்ணை வைத்திருக்கிறார். போருக்குப் பிறகு முதல் தடவையாகக் கையில் கொஞ்சம் காசு பார்த்தது அட்டையில்தான் என்று சொல்லுவார். அதையும் பொய் என்று தள்ள முடியாது. எங்கட முறைப்பாடு அட்டையோடு இல்லை. எந்தக் குடாவில் எவ்வளவு வேலி, ஆருக்கு முதல் உரிமை, வெளியாருக்குப் பங்கு உண்டோ இல்லையோ என்று ஊர்ச் சங்கங்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைக்க ஒரு சபை இருக்கவில்லை என்பதுதான் முறைப்பாடு. மீன்பிடி இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் இருக்கிறது. கதைக்க வாய் இருந்தது. வாய்க்குரிய ஆள் இல்லை. டொலர் கணக்கு மட்டும் பார்த்தால் கடலட்டை வெற்றிக் கதை. கரையில் நின்று பார்த்தால் பக்கத்து வீடுகள் ரெண்டு கதைக்காமல் போன கதை.

ஆள் ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேணும். வடக்கு மாகாணசபைக்கு முதல் தேர்தல் 2013 செப்ரெம்பர் 21. சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று சட்டத்தைத் திருத்தி, எல்லை பிரிக்கிற அறிக்கையை நிறைவேற்றாமல் விட்டார்கள். அந்த முடிச்சில் எல்லா மாகாணமும் மாட்டுப்பட்டு, ஆளுநர்கள் ஆள்கிறார்கள். எங்களில் சிலருக்கு முதல் தேர்தல் நடந்த வருசம் ஒன்பது பத்து வயது. சுவரொட்டி கிழித்துப் பட்டம் கட்டினது நினைவிருக்கு. மாகாணசபைக்கு வாக்குப் போட்ட அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

இருந்த அந்த ஐந்து வருசத்தில் என்ன நடந்தது என்று கேட்பதும் நியாயம். கொழும்பு விட்டுக்கொடுக்கவில்லை என்பது உண்மை. முதலமைச்சர் நிதியம் அமைக்கிற நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் அனுமதி கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனம் காசு தரத் தயாராக இருந்தும், வாங்கி வைக்கச் சட்டப்படி ஒரு பாத்திரம் இருக்கவில்லை. அதே நேரம் சபை நூற்றுக்கணக்கில் தீர்மானங்கள் நிறைவேற்றியது. நியதிச்சட்டங்கள் அந்தளவுக்கு வரவில்லை. முதலமைச்சர் விக்னேஸ்வரன் காலத்தில் 2016இல் யாழ்ப்பாணமும் லண்டன் கிங்ஸ்ரனும் இரட்டை நகரங்கள் என்று ஒப்பந்தமானது. 2017 ஜனவரியில் முல்லைத்தீவுக்கும் கனடாவின் மார்க்கத்துக்கும் ஒரு உடன்பாடு. நல்ல விசயம் என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். மார்க்கத்தில் இருக்கிற தமிழ்க் கடைகளை எண்ணிப் பார்த்தாலே போதும், எங்கட பொருளுக்கு அதைவிட நல்ல வாசல் எங்க கிடைக்கும்? ஆனால் அந்த வாசலால் ஒரு கிலோ ஒடியலாவது முறைப்படி உள்ள போகுதோ என்று பார்க்க ஆரையும் நியமித்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட படம் பேப்பரில் வந்தது. அதுக்குப் பிறகு அடுத்த படம் வந்தது.

அரசியல் தீர்வு வந்த பிறகு பொருளாதாரம் பார்க்கலாம் என்று எங்கட வீடுகளில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. காணி, இராணுவம், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், எதுவும் ஏற்றுமதியால் தீராது. ஆனால் காத்திருக்கிற காலத்துக்குள்ள எங்கட வகுப்பில் இருந்தே ஆக்கள் போய்க்கொண்டிருக்கினம். முதலாம் வருசத்தில் எங்களோடு இருந்த ஒருவன் இப்ப பிரான்சில் சமையலறையில் நிற்கிறான். வட்ஸ்அப்பில் படம் அனுப்புவான். போன மாதம் அனுப்பின படத்தில் ஒரு பைக்கற் தூள், "யாழ்ப்பாணத்துச் சுவை" என்று எழுத்து. பின்பக்கம் திருப்பிப் பார், எங்க செய்தது என்று கேட்டோம். பார்த்துவிட்டு வேறு ஒரு நாட்டின் பெயரை அனுப்பினான். கூடவே சிரிக்கிற முகம் ஒன்று.

திரும்பவும் கூரைக்கு வருகிறோம். காசு எங்க என்று கேட்பீர்கள். நாங்கள் கேட்பது துறைமுகம் கட்டுகிற காசு இல்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய களஞ்சியங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன, சிலதில் வௌவால்தான் குடியிருக்கு. கூட்டுறவு மாகாணத்தின் விடயம், அதுக்கு ஆரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வடமராட்சிக்கு ஒன்று, வலிகாமத்துக்கு ஒன்று, தீவகத்துக்கு ஒன்று, வன்னிக்கு ரெண்டு என்று எடுத்து, காயவைக்கிற இயந்திரம், அரைக்கிற இயந்திரம், பொதி அடைக்கிற இயந்திரம் வைக்கலாம். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. எங்கட பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் இருக்கு, விவசாய பீடம் இருக்கு. இவர்களோடு மாகாண விவசாயத் திணைக்களம் உட்கார்ந்து கதைத்தால், வெளிநாடு ஏற்கிற தரச்சான்றோடு ஒரு ஆய்வுகூடத்தை இங்கயே நிறுத்த எத்தனை வருசம் எடுக்கும்? விஞ்ஞான பீடத்து நண்பியிடம் கேட்டோம். "மெசின் வாங்கிறது சுகம், சான்றிதழ் எடுக்கிறதும் அதைக் காப்பாத்திறதும்தான் வேலை, அதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வைக்க வேணும்" என்றாள். அப்ப ஆள் வைப்பம். பட்டம் எடுத்துவிட்டு வேலை கேட்டு வீதியில் இருக்கிற ஆக்களுக்கு இங்க பஞ்சமோ?

அதோடு ஒரு மேசை. பெரிய அலுவலகம் தேவையில்லை, ஒரு மேசையும் ரெண்டு கதிரையும். கனடாவுக்கு லேபல் எப்படி, ஐரோப்பாவுக்கு எந்தச் சோதனை, வளைகுடாவுக்கு என்ன சான்றிதழ், எந்த நாட்டுக்கு மோர்மிளகாய் போகும், எதுக்குப் போகாது என்று தெரிந்த ஒருவர் அதில் இருக்க வேணும். தமிழில் கதைக்க வேணும். வருகிற ஆளை "உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதோ" என்று கேட்காமல் இருக்க வேணும். இதுக்குப் பதின்மூன்றாம் திருத்தமும் தேவையில்லை, பதினான்கும் தேவையில்லை. ஆளுநர் நினைத்தால் நாளைக்கே செய்யலாம். ஆனால் ஆளுநர் மாறினால் மேசையும் மாறும், அதுதான் பயம்.

தேர்தல் வைப்பம் என்று திரும்பவும் பேச்சு அடிபடுகிறது. வைத்தால் எங்கட படலைக்கும் வேட்பாளர்கள் வருவினம். அவை தேசியம், சுயநிர்ணயம் எல்லாம் சொல்லட்டும், கேட்போம். அதுக்குப் பிறகு எங்கட வடமராட்சிப் பிள்ளை கருத்தரங்கில் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்பாள். லேபல் அடிக்க ஆரிட்டப் போறது? "நல்ல கேள்வி" என்று சொல்லுகிறவருக்கு நாங்கள் வாக்குப் போடமாட்டோம், இதை இப்பவே எழுதி வைக்கிறோம்.

ஐம்பது கிலோ ஓடர் கைவிட்டுப் போச்சு. அன்ரி இப்பவும் தூள் இடிக்கிறா. போன கிழமை ஊரில் ஒரு கலியாணத்துக்கு வந்து திரும்பின குடும்பத்திடம் பன்னிரண்டு கிலோ கொடுத்து விட்டிருக்கிறா. தராசில் முப்பது கிலோ நானூறு கிராம் காட்டியிருக்கு. ஒரு சேட்டை எடுத்து வெளியில போட்டினமாம்.